ஜெர்மனுக்கு ஆங்கிலம் வழியாகத்தான் போக வேண்டுமா?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இளைஞர்கள் ஜெர்மன் படிக்கத் தொடங்கியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அது அவர்களுக்குக் கற்பிக்கப்படும் வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, பிறகு ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ செவிலியர் பள்ளியிலோ பயின்று வந்த ஒருவருக்கு, ஜெர்மன் மொழியின் வினாவையும் விடையையும் தொடரமைப்பையும் ஆங்கிலத்தைக் கொண்டு விளக்குகிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்குப் போக வேண்டியவனை அரக்கோணம் வழியாக அனுப்புவது போன்றது இது. போய்ச் சேரலாம்தான். ஆனால் பாதிப் பேர் வழியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

கும்மிடிப்பூண்டிக்கும் ஜெர்மனுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மையில் எங்கள் மாவட்டத்துக்கு வந்த ஐரோப்பியப் பெருந்தொழில்களில் பெயர் பெற்றவை பிரெஞ்சுக்காரர்களுடையவை. தேர்வாய்கண்டிகையில் மிஷலின் டயர், திருவள்ளூரில் சித்ரோயன் கார். ஜெர்மன் தொழிற்சாலை என்றால் ஒரகடம் வரை போக வேண்டும். டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012இல் அங்கே தொடங்கப்பட்டது. ஆனால் இப்போதைய ஜெர்மன் ஆர்வத்துக்குக் காரணம் பக்கத்து ஆலைகள் அல்ல, அந்த நாடேதான். வேலை செய்யும் வயதினர் குறைந்துவரும் ஜெர்மனி, திறனுள்ள அயல்நாட்டுப் பணியாளருக்கான சட்டத்தை 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2023இல் அதை மேலும் தளர்த்தியது. இந்தியப் பணியாளருக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. வெல்டரும் ஃபிட்டரும் செவிலியரும் ஜெர்மனியை நோக்கித் திரும்பியது இதனால்தான்.

எங்கள் ஊருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் ஈழத் தமிழர்களுக்கான பெரிய முகாம் ஒன்று பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. 1983க்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் இங்கே வந்தார்கள், ஒரு பகுதியினர் ஜெர்மனிக்குப் போனார்கள். ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு நாடுகளிலும் இருப்பது புதுமையல்ல. ஜெர்மனியில் வாழும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்புகிறவர்களில் பலர், 2007 முதல், எளிய ஜெர்மன் தெரியும் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றுதான் ஏ1 என்னும் முதல் படி.

2024 ஜூனில் ஜெர்மனி 'வாய்ப்பு அட்டை' என்னும் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வேலை தேடுவதற்காகவே அங்கே போக அது வழிசெய்கிறது. குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியோ பட்டமோ வேண்டும், செலவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. மொழிக்கான நிபந்தனை இது: ஜெர்மனில் ஏ1 நிலை, அல்லது ஆங்கிலத்தில் பி2 நிலை. நடுவில் இருக்கும் 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் கொஞ்சம் ஜெர்மன் தெரிந்தால் போதும் என்று ஜெர்மன் சட்டமே சொல்கிறது. நம் வகுப்பறையோ, ஆங்கிலம் தெரிந்தால்தான் ஜெர்மன் கற்கலாம் என்று நடைமுறையில் ஆக்கிவைத்திருக்கிறது. வாசலே இல்லாத இடத்தில் ஒரு வாசலைக் கட்டி அதற்குப் பூட்டும் போட்டிருக்கிறோம்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை என்னிடம் படித்த பழைய மாணவர்களின் நோட்டுகளைப் பார்த்து அறிந்திருக்கிறேன். 'வீ ஹைஸன் ஸீ?' (உங்கள் பெயர் என்ன?), 'வோஹேர் கொம்மன் ஸீ?' (எங்கிருந்து வருகிறீர்கள்?), 'வோ வோனன் ஸீ?' (எங்கே வசிக்கிறீர்கள்?) என்று வினாக்கள். ஒவ்வொன்றின் கீழும் மனப்பாடம் செய்ய ஒரு விடை. இடையிடையே ஆங்கில இலக்கணக் கலைச்சொற்களில் விளக்கம். அந்தக் கலைச்சொற்களை அந்த மாணவர்கள் பள்ளியிலேயே புரிந்துகொண்டவர்கள் அல்லர். எனவே விளக்கத்தை விட்டுவிட்டு விடையை மட்டும் உருப்போடுகிறார்கள்.

இது தேர்வில் எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். கோத்தே நிறுவனத்தின் ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதி மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. மனப்பாடம் இதற்கு உதவும். இரண்டாவதில் ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் 'ரொட்டி' என்றோ 'ஞாயிற்றுக்கிழமை' என்றோ ஒரு சொல் இருக்கும். அதை வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் தானே ஒரு வினாவைக் கேட்க வேண்டும். பிறகு அவர் கேட்பதற்கு விடை சொல்ல வேண்டும். மூன்றாவதில் ஒரு படத்தைப் பார்த்து வேண்டுகோள் விடுக்க வேண்டும், பிறர் விடுத்த வேண்டுகோளுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். ஆக, விடையை ஒப்பிப்பவனை அல்ல, வினாவை ஆக்கத் தெரிந்தவனைத்தான் தேர்வு தேடுகிறது. அங்கே ஆங்கிலத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

வினாவையும் விடையையும் பற்றி யோசிக்கத் தமிழ் மாணவனுக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை. நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்திருக்கிறது. அறியாதவன் கேட்பது ஒன்று, ஐயுற்றுக் கேட்பது ஒன்று, பொருளை வாங்கிக்கொள்ளக் கேட்பது ஒன்று, ஒன்றைச் செய்யுமாறு ஏவக் கேட்பது ஒன்று என வினாவின் நோக்கத்தை அது பிரிக்கிறது. ஏ1 தேர்வின் இரண்டாம் கூற்றில் வருவது அறியா வினா. மூன்றாம் கூற்றில் வருபவை கொளல் வினாவும் ஏவல் வினாவும். விடை வகைகளும் அப்படியே உதவும். 'காலையில் ரொட்டி சாப்பிடுவீர்களா?' என்று கேட்டால், ஆம் என்பது நேர்விடை, இல்லை என்பது மறைவிடை, 'இட்லி சாப்பிடுவேன்' என்பது இனமொழி விடை. இந்த மூன்றையும் ஜெர்மனில் சொல்லிப் பழகியவன் எந்தச் சீட்டு வந்தாலும் தடுமாற மாட்டான். பத்தாம் வகுப்புக்குள் தமிழ்ப் பாடத்தில் படித்து, மதிப்பெண்ணுக்குப் பிறகு பயனில்லை என்று மறந்துபோன பகுதி இது.

இனித் தொடரமைப்புக்கு வருகிறேன். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம், ஆகவே ஆங்கிலம் தெரிந்தால் ஜெர்மன் எளிது என்பார்கள். சொற்களைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. தொடரைப் பொறுத்தவரை பல இடங்களில் உண்மையல்ல. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி சற்று மாறும் என்பதை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் குளிர். எனக்குக் குளிர்கிறது என்பதை ஜெர்மனில் 'மீர் இஸ்ட் கால்ட்' என்பார்கள். 'மீர்' என்றால் எனக்கு. ஆங்கிலத்தின் வழியே வருகிறவன், அங்கே 'நான்' என்று எழுவாயாக இருப்பதைப் பெயர்த்து, 'இஷ் பின் கால்ட்' என்கிறான். தனக்குக் குளிர்கிறது என்று சொல்ல வந்தவன், தன்னை ஈரமில்லாத நெஞ்சுக்காரன் என்று சொல்லிக்கொண்டதாக ஆகிவிடும். தமிழிலிருந்து நேராக வந்திருந்தால் இந்தப் பிழை நேராது. நமக்குக் குளிர்வதும் பிடிப்பதும் நான்காம் வேற்றுமையில்தான். ஜெர்மனிலும் குளிர்வது, பிடிப்பது, ருசிப்பது, சொந்தமாவது எல்லாம் நான்காம் வேற்றுமைப் பொருளில் வருகின்றன. உதவுவதும் அப்படியே. 'இஷ் ஹெல்ஃப டீர்' என்றால் நான் உனக்கு உதவுகிறேன். நன்றி சொல்வதும் பதில் சொல்வதும் 'உனக்கு'த்தான். ஆங்கில வழியில் இவை விதிவிலக்குகளின் பட்டியலாகத் தரப்படுகின்றன. தமிழ் வழியில் அவை நாம் ஏற்கெனவே பேசுகிறபடியே இருக்கின்றன.

அடுத்தது, முன்னிலை. 'டு' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட ஆங்கிலத்தைக் கொண்டு இதை விளக்கப் புகுந்தால் ஒரு பக்கம் எழுத வேண்டும். தமிழ் மாணவனுக்கு ஒரு வரி போதும். மேற்பார்வையாளரை எப்படி அழைப்பது, உடன் வேலை செய்யும் நண்பனை எப்படி அழைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வினைச்சொல் நிற்கும் இடம் இன்னும் முக்கியமானது. 'இஷ் முஸ் ஹொய்ட்ட அர்பைட்டன்' என்ற தொடரைச் சொல் சொல்லாகப் பெயர்த்தால் 'நான் – வேண்டும் – இன்று – வேலை செய்ய' என்று வரும். 'நான் இன்று வேலை செய்ய வேண்டும்' என்ற நம் தொடரில் 'வேண்டும்' மட்டும் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. மற்றவை அப்படியே நிற்கின்றன. நேற்று கும்மிடிப்பூண்டியில் வேலை செய்தேன் என்பதிலும் காலம் முன்னும் இடம் பின்னுமாக நாம் சொல்லும் அதே வரிசைதான் ஜெர்மனில் இயல்பு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் இடம் முன்னே போகும், காலம் பின்னே வரும். 'அவன் இன்று வரவில்லை என்று' என்பது போன்ற சார்புத் தொடரில், 'என்று' என்பதற்கு நிகரான 'டாஸ்' முன்னால் போய்விடுகிறது. அதற்குப் பிறகு 'அவன் – இன்று – இல்லை – வருகிறான்' என வினைமுற்று கடைசியில்தான் வந்து உட்காருகிறது.

மேல்நிலை ஜெர்மனிலும், நாளிதழ்களிலும், இயந்திரக் கையேடுகளிலும் வரும் தொடர் ஒன்றைச் சொல்கிறேன். 'டேர் இன் சென்னை கெபாவ்ட்ட லாஸ்ட்வாகன்.' முன்னால் நிற்கும் 'டேர்' என்ற சுட்டை நீக்கிவிட்டால், 'சென்னையில் கட்டப்பட்ட லாரி' என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசை. நம் பெயரெச்சம் அது. ஆங்கிலம் இதை உடைத்துப் பெயரை முன்னே போட்டுத்தான் சொல்ல முடியும். பி2 நிலைக்குப் போகும் மாணவர்களை மிரட்டும் இடங்களில் இது ஒன்று. தமிழ் அறிந்தவனை மிரட்ட இதில் ஒன்றுமில்லை.

விடைகளிலும் இப்படி ஓர் இடம் உண்டு. 'நீங்கள் வரவில்லையா?' என்று எதிர்மறையில் கேட்டால், வருகிறவன் ஜெர்மனில் 'ஆம்' என்று சொல்வதில்லை. 'டொஹ்' என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் கிடையாது. தமிழில் நாம் 'வருகிறேனே!' என்போம். அந்த ஏகாரம் செய்யும் வேலையைத்தான் 'டொஹ்' செய்கிறது.

தமிழ் எல்லாவற்றையும் எளிதாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. மிகையாகச் சொன்னால் மாணவன்தான் ஏமாறுவான். மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமி ஒன்றன்பால் என்னும் ஜெர்மன் பால்பகுப்பு, உயர்திணை அஃறிணை என்று பொருளை வைத்துப் பிரிக்கும் நமக்கு வியப்பையே தரும். ஒவ்வொரு பெயரோடும் 'டேர், டீ, டாஸ்' சேர்த்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வது பழகும்வரை தொல்லை. முதன்மைத் தொடரில் வினைமுற்று இரண்டாம் இடத்திலும், ஆம்–இல்லை என்று விடை வரும் வினாவில் முதலிடத்திலும் நிற்க வேண்டும் என்பது நம் காதுக்குப் புதிது. ஆனால் இவற்றில் எதற்கும் ஆங்கிலம் கைகொடுப்பதாகத் தெரியவில்லை. பால்பகுப்பு ஆங்கிலத்திலும் இல்லை. வினாவிலோ, துணைவினை ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும் ஆங்கிலப் பழக்கம் ஜெர்மனில் இடையூறாகவே முடிகிறது. 'வருகிறீர்கள் நீங்கள் இன்று?' என்று வினையை முன்னே தள்ளினாலே ஜெர்மனில் வினா முடிந்தது.

இதற்கு வரும் மறுப்புகளை அறிவேன். மொழியை அந்த மொழியிலேயே கற்பிக்க வேண்டும், நடுவில் எந்த மொழியும் வேண்டாம் என்பது ஒன்று. நல்ல ஆசிரியரும், சிறிய வகுப்பும், ஆண்டுக்கணக்கில் நேரமும் இருந்தால் நானும் அதையே சொல்வேன். முதல் ஷிப்ட் முடித்துவிட்டு மாலையில் வந்து உட்காருகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் வகுப்பில் நடுமொழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது எந்த மொழி என்பதே கேள்வி. எப்படியும் ஆங்கிலம் தேவைப்படும், இந்தச் சாக்கில் அதையும் கற்கட்டும் என்பது இன்னொன்று. ஆங்கிலம் தேவைதான். அதைத் தனியாகக் கற்பிப்போம். நீச்சல் கற்க வந்தவனை முதலில் சைக்கிள் ஓட்டச் சொல்வதில் பொருளில்லை. ஜெர்மன் ஆசிரியர்களுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாதே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மையானது இது ஒன்றுதான். இதற்கான விடை தமிழ்த்துறைகளிடம் இருக்கிறது.

வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பாதை இதுவரை ஒருவழிப் பாதையாகவே இருந்திருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றதாகச் சொல்வார்கள். தமிழ் அறிஞர்களுக்கு வினாக்களை எழுதி அனுப்பி, வந்த விடைக் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அங்கே அச்சாயிற்று. தன் நாட்டில் கற்றவர்களுக்குப் பழகிய மொழி எதுவோ அதில் அவர் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1856இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் கொடுத்தார். தற்காலத் தமிழுக்கு 1989இல் வெளிவந்த சிறந்த இலக்கண நூல்களில் ஒன்றை எழுதியவர் தாமஸ் லேமன் என்னும் ஜெர்மானியர். அவர்கள் தங்களுக்காகவும் தங்கள் மாணவர்களுக்காகவும் நம் மொழிக்கு வழி அமைத்துக்கொண்டார்கள். நம் மாணவர்களுக்காக அவர்கள் மொழிக்கு நாம் என்ன வழி அமைத்தோம்?

கேட்பார் இல்லாமல் இல்லை. யூடியூபில் தமிழில் ஜெர்மன் கற்பிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது நல்ல பணி. ஆனால் பேச்சு மட்டும் தமிழாக, இலக்கணச் சட்டகம் ஆங்கிலமாகவே நிற்பதை அங்கும் பார்க்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு முப்பது நாட்களில் இந்தி, தெலுங்கு, மலையாளம் என்று தமிழ் வழியாகக் கற்பிக்கும் நூல்கள் பேருந்து நிலையக் கடைகளில்கூடக் கிடைத்தன. எல்லையில் வாழும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் அவற்றைக் கொண்டே தெலுங்கு படிக்கக் கற்றார்கள். அயல்மொழிக்குத் தமிழே போதும் என்ற நம்பிக்கை அன்று அந்த வெளியீட்டாளர்களுக்கு இருந்தது.

வேண்டியது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. நூறு பக்கத்தில் ஒரு சிறு நூல். நன்னூலின் வினா, விடை வகைகளை அடியொற்றி முதல் பகுதி. வேற்றுமைகளை நம் வேற்றுமைகளோடு ஒப்பிட்டு இரண்டாவது. வினைச்சொல் நகரும் இடங்கள் மூன்றாவது. நமக்குப் புதியனவற்றை மறைக்காமல் சொல்லும் நான்காவது. எடுத்துக்காட்டுகள் சிப்காட் ஆலைவாசலிலிருந்தும் மருத்துவமனை வார்டிலிருந்தும் புறநகர் ரயிலிலிருந்தும் வரட்டும். ஒரு கல்லூரித் தமிழ்த்துறையும் ஒரு ஜெர்மன் ஆசிரியரும் ஓராண்டு சேர்ந்து உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஆய்வேடுகளுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று வருந்தும் நம் துறைகளுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு எது?

இலக்கியம் விரும்பும் நமக்கும் இதில் பங்கு உண்டு. காஃப்காவின் 'விசாரணை'யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தே நேராகத் தமிழாக்கினார். அப்படி நேராக வந்தவை குறைவு. நாம் படித்த ஜெர்மன் இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் ஒருமுறை வடிகட்டப்பட்டே நம்மிடம் வந்திருக்கிறது. வேலைக்காக ஜெர்மன் படிக்கும் நூறு பேரில் ஒருவர் நாளை அங்கே ஒரு நாவலை எடுத்துப் படித்து, இதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூடும். அவருக்கு இரண்டு மொழிகளும் நேருக்கு நேர் அறிமுகமாகியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. வகுப்பைப் பாதியில் விட்டு வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், ஜெர்மன் கடினம் என்று அவர்கள் சொல்வதில்லை. 'எனக்கு இங்கிலீஷ் வராதுங்க, அதான்' என்கிறார்கள். கட்டிய பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். மொழி கற்கும் ஆற்றலே தனக்கில்லை என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் விழுந்துவிடுகிறது. பீகாரிலிருந்து வந்து ஆறே மாதத்தில் எங்கள் கடைத்தெருவில் தமிழ் பேசும் தொழிலாளிக்கு அந்த எண்ணம் இல்லை, ஏனென்றால் அவனிடம் யாரும் முதலில் ஆங்கிலம் கேட்கவில்லை.

மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதுங்கள். ஜெர்மன் அறிந்தவர்கள் யாரேனும் அந்த நூறு பக்க நூலுக்குத் துணைவர முன்வந்தால், தமிழ்ப் பக்கத்து வேலையை ஏற்றுக்கொள்ள நான் அணியமாக இருக்கிறேன்.